நல்ல தண்ணித் தொட்டி

மகளுக்கு நான்கு வயது ஆகியும் கைபேசியைக் காட்டினால்தான் வாய் திறப்பாள். சாப்பிடும்போது திரை கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதே டாக்டரின் கிளினிக்கில், முறை வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில், அங்கிருந்த மீன் தொட்டியைப் பார்த்தபடி அவள் இரண்டு இட்லியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள். வீட்டிலும் ஒரு தொட்டி வைப்பது என்று அன்றைக்கே முடிவாயிற்று. முடிவெடுத்தது என் கணவர். நான் பயப்பட ஆரம்பித்தேன்.

கண்ணாடி உடைந்தால்? மேஜை சாய்ந்தால்? ஃபில்டரின் ஒயரில் மின்சாரம் கசிந்து தண்ணீரில் இறங்கினால்? அடையாறில் நாங்கள் இருப்பது வாடகை வீடு, இரண்டாவது மாடி. தளம் தாங்குமா என்றுகூடக் கேட்டேன்.

"நம்ம பீரோவையே தாங்குது. அதுல உன் புடவை எவ்ளோ வெயிட்டு தெரியுமா?" என்றார் அவர்.

மீன் கடைக்காரர் என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். "மீனுக்கு இப்ப அவசரப்படாதீங்க மேடம். மொதல்ல செடி வேர் புடிக்கணும், தண்ணி பழகணும். அப்பால மீன் உடலாம். உப்புத் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, கண்ணாடில வெள்ளையா படிஞ்சிக்கும். இதெல்லாம் நல்ல தண்ணி செடி. நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

எங்கள் பகுதியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. மெட்ரோ குடிநீர்க் குழாயில் வருவது நல்ல தண்ணி. முந்தைய வருடம் மகள் உப்புத் தண்ணி வரும் குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்து, வாந்தியும் பேதியுமாகி, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மாற்றி மாற்றிக் குத்தியதை நான் மறக்கவில்லை. அதன் பிறகு வீட்டில் ஒரு பாடம் நடத்தினேன்.

"பாப்பா எந்தத் தண்ணி குடிக்கணும்?"

"நல்ல தண்ணி!"

விருந்தாளிகள் முன்னாலும் சொல்ல வைப்பேன். அவள் ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

தொட்டிக்கு அடியில் செடிகளுக்கான கருப்பு மண்ணைப் பரப்பி, அதன்மேல் அலசிய மணலைப் போட்டோம். குளோரின் வாடை போக ஒரு நாள் பிடித்துவைத்திருந்த மெட்ரோ தண்ணீரை, மண் கலங்காமல் இருக்க ஒரு தட்டின் மேல் மெல்ல ஊற்றினோம். நாடா போல் நீளும் வாலிஸ்நேரியாவைப் பின்வரிசையில் நட்டேன். விரல் பட்டதும் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே மிதந்தது. மறுபடி நட்டேன், மறுபடி மிதந்தது. இடுக்கியால் வேரைப் பிடித்துச் சாய்வாகச் செருக வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. ஜாவா பாசியை நூலால் ஒரு கல்லில் கட்டினோம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து நூலை நீட்டினாள்.

"இது என்ன தண்ணிப்பா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"நல்ல தண்ணிடா செல்லம். மீனுக்கு நல்ல தண்ணிதான் வேணும்."

அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அதில் தவறாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சில நாட்களில் ஓர் இலை பழுத்துக் கரைந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். செடி புது இடத்துக்கு வந்தால் அப்படித்தான் என்று சொல்லி, செடிகளுக்கான திரவ உரம் ஒரு பாட்டில் கொடுத்தார். வாரம் சில சொட்டு. ஒரு வாரநாள் காலை, கணவர் பெருங்குடிக்கு வேலைக்குக் கிளம்பிய பிறகு சொட்டுகளை விட்டுவிட்டு, பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துவரப் போனேன்.

திரும்பி வந்தபோது தொட்டியின் மேல்மூடி தள்ளியிருந்தது. மகள் முக்காலியின் மேல் நின்றிருந்தாள். கையில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர். முகவாயில் பச்சையாக ஒரு பாசித்துணுக்கு ஒட்டியிருந்தது.

"அம்மா, நானே நல்ல தண்ணி எடுத்துக் குடிச்சேன்!"

நான் அலறினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது. வாயில் விரல் விடப் போனேன், விடக்கூடாது என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை. உர பாட்டிலை எடுத்துப் படித்தேன். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும், விழுங்கினால் மருத்துவரை அணுகவும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு, பாட்டிலையும் கையில் பிடித்தபடி கீழே ஓடினேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாமா, கொயந்தைக்கு இன்னா ஆச்சு?"

"மீன் தொட்டித் தண்ணிய குடிச்சிட்டாண்ணா. சீக்கிரம் போங்க."

"மீனு எதுனா உள்ள பூட்ச்சா?"

"மீன் இல்லண்ணா. இன்னும் மீனே விடல."

"மீனே இல்லாத தொட்டிக்கா இப்டி அழுவுற? புள்ள கம்முனுதானே கீது, அத்த பாரு." சொன்னாரே தவிர, சிக்னலில் மற்ற வண்டிகளுக்கு இடையே நுழைந்து நுழைந்து போனார்.

மகள் கம்மென்றுதான் இருந்தாள். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. விஷம் ஏறினால் குழந்தைகள் கம்மென்று ஆகிவிடுவார்களோ? கண்ணை மூடினால் தட்டி எழுப்பினேன். திறந்தால் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். எத்தனை சொட்டு, எவ்வளவு பெரிய தொட்டி என்று கேட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"இந்த அளவு உரத்தால ஒண்ணும் ஆகாதும்மா. தேங்கின தண்ணி இல்லயா, கிருமி ஏதாவது போயிருக்கலாம். ரெண்டு நாள் கவனமா பாருங்க. முக்கியமா தண்ணி நிறைய குடுங்க. போன வருஷம் மாதிரி உடம்பு வத்திடக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

இளநீர் வாங்கி வந்தேன். வேண்டாம். மாதுளைச் சாறு. வேண்டாம். மோர். தலையைத் திருப்பிக்கொண்டாள். மதியம் தாண்டியது. சிறுநீரும் போகவில்லை. அவள் உதடு காய்ந்திருப்பது போல இருந்தது, நான் உற்றுப் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்றும் இருந்தது. கணவரைக் கூப்பிட்டேன்.

"கதை ஏதாவது சொல்லிக் குடேன். நான் கெளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்."

"கதை கேக்கற மாதிரியா இருக்கா அவ? வாயே தெறக்க மாட்டேங்கறா."

போனை வைத்துவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். கெஞ்சினேன். அதட்டினேன். அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அது நல்ல தண்ணி இல்லியா?"

"நல்ல தண்ணிதான் கண்ணு. ஆனா அது குடிக்கறது இல்ல."

"நல்ல தண்ணிதானே குடிக்கணும்?"

நான் கற்றுக்கொடுத்த ஒரே விதி அது. அதன்படி நடந்ததற்குத்தான் நான் அலறியிருக்கிறேன். இனி எந்தத் தண்ணீரைக் குடித்தால் அம்மா அலறுவாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை என் பக்கம் தள்ளினாள்.

"நீ குடி மொதல்ல."

நான் பாதி குடித்தேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"வயிறு வலிக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லடா."

அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேனா, குமிழி எழும்பியதுமே அடுப்பை அணைத்துவிட்டேனா என்று அப்போதுதான் எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. அது முகத்தில் தெரியக் கூடாது என்று சிரித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அவள் நம்பவில்லை போலிருந்தது. மீதியையும் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். மறுபடி ஊற்றினேன்.

இந்த முறை டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என் மேலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு மிடறு விழுங்கினாள். பிறகு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, நான் அலறுகிறேனா என்று காத்திருந்தாள்.