மீன் சாப்பிடுவாயா என்று சேட் கேட்டார்

போன வாரம் நவி மும்பை கோபர்கைரனேயில் மகன் வீட்டுக்குப் புது அலமாரி வந்தது. இப்போதெல்லாம் அலமாரி அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாகத்தான் வருகிறது. பூட்டி முடித்ததும் கதவைத் திறந்து உள்ளே மூக்கை நீட்டினேன். வெறும் பசை வாசனை. மருமகள் சிரித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ரே ரோடு மரமண்டியில் குப்பை கொட்டியவன் மூக்கு அப்படித்தான் போகும்.

அறுபதுகளில் நான் மாதுங்காவில் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தேன். வடாலாவுக்கு நடந்துபோய் ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால் ரே ரோடு. எங்கள் மண்டி முதலாளி சேட்டுக்கு மரம் கார்வாருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரையிலிருந்து வந்தது. அங்கே காடு கடலின் விளிம்புவரை இறங்கி வந்திருக்குமாம். வெட்டிய மரத்தைப் பார்த்து முத்திரை குத்த அவ்வப்போது ஒரு குமாஸ்தா போய்வர வேண்டும். பம்பாயில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு நல்ல கடலைப் பார்க்காதவன் நான். மாஹிம் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடலைப் பார்க்க வேண்டும். எப்படியாவது அந்த வேலை எனக்கு வந்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

சேட் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நானும் தங்கராஜும். தங்கராஜ் திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் குடித்தனம். சேட் என்னிடம் முதலில் கேட்டார்: "மச்சி காத்தா ஹை க்யா?"

சேட் வெங்காயம்கூடத் தொடாதவர். ஆக, என் ஒழுக்கத்தைச் சோதிக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். நிமிர்ந்து நின்று, மீன் என்ன, முட்டையைக்கூட எங்கள் வம்சத்தில் யாரும் தொட்டதில்லை என்றேன். சேட் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு தங்கராஜை அனுப்பினார். அங்கே சோற்றுக்கு மீனைத் தவிர வேறொன்றும் கிடைக்காதாம்.

அதன் பிறகு நான் பட்ட பாடு. தங்கராஜ் ஒவ்வொரு தடவை போய்வந்ததும் மத்தியான இடைவேளையில் கதை சொல்வார். மழை விட்ட பிறகும் காட்டுக்குள் நாள் முழுக்கச் சொட்டுமாம். இருவாட்சி பறந்தால் தலைக்கு மேல் காற்று இரையுமாம். ஆமைகள் கரையேறி முட்டையிடுமாம். டால்பினை அவர் ஓங்கல் என்பார். "ஓங்கல் ஒண்ணு படகுப் பக்கத்துல வந்து மொகத்தையே பாக்குது. நம்ம கொழுந்தியா மாதிரி ஒரு சிரிப்பு." எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குத் தயிர்சாதம் தொண்டையில் இறங்காது. வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். அந்த ஆள் அளந்து விடுகிறான் என்றாவது நினைத்திருக்கலாம். ஆனால் தங்கராஜுக்குப் பொய் சொல்ல வராது.

கடைசியில் அவரிடமே போய், எனக்கு மீன் தின்னக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு வரச் சொன்னார். அவர் மனைவி பாக்கியம் சாளை பொரித்து வைத்திருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதைப் பார்த்து அந்த அம்மாள் பயந்துபோனார். "மருந்து மாதிரி முழுங்காதிய. முள்ளு சிக்குனா எங்க வீட்டுப் பேருல்லா கெடும்." வீடு திரும்பும் வழியெல்லாம் ஏலக்காய் மென்றேன். கதவைத் திறந்த அக்கா, "எங்கடா பாயசம் சாப்பிட்டுட்டு வரே?" என்றாள்.

சில ஞாயிறுகளில் வஞ்சிரம்வரை தேறிவிட்டேன். பாக்கியத்துக்குப் பிரசவ நேரம் வந்தபோது தங்கராஜ் தனக்குப் பதிலாக என்னை அனுப்பச் சொல்லி சேட்டைக் கேட்டார். இப்போது மீன் சாப்பிடுகிறேன் என்று சேட்டிடம் சொன்னேன். அன்றோடு அவர் பார்வையில் நான் இறங்கிப்போனேன். போனால் போகட்டும்.

கோவாவரை ஸ்டீமர், அப்புறம் பஸ், கடைசியில் ஒரு படகு. தங்கராஜ் சொன்னதில் எதுவும் கூடுதல் இல்லை. பச்சை என்றால் கண் கூசும் பச்சை. அலைச் சத்தமும் சொட்டும் சத்தமும் தவிர வேறு சத்தம் கிடையாது. அங்கே எங்கள் மரத்துக்குக் காவல் இருந்தவரின் மனைவி இலையைப் போட்டார். நான் மீனுக்குத் தயாராக உட்கார்ந்தேன். பூசணிக்காயும் கோகம் புளி ரசமும் வந்தன. மறுநாளும் பூசணிக்காய். விசாரித்தால், வருகிறவர் பாவம், ஆசைக்காக மீன் தின்னப் பழகியிருக்கிறார், அவரைக் கஷ்டப்படுத்தாதீர்கள் என்று தங்கராஜ் மரம் ஏற்றப் போகும் லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மனுஷன் இப்படி நல்லவனாக இருந்தால் பொறாமைப்படுகிறவன் என்னதான் செய்வது?

படகுக்காரர் என்னைக் கடலுக்குள் கூட்டிப்போனார். ஓங்கல்கள் வந்தன, ஆனால் தூரத்தில் முதுகை மட்டும் காட்டிவிட்டுப் போயின. ஏன் கிட்டே வரவில்லை என்று கேட்டேன். "தங்கராஜ் பாய் ஆத்தா ஹை, தப் நஸ்தீக் ஆத்தா ஹை" என்றார். அவர் வந்தால்தான் கிட்டே வருமாம். ஒரு விடியலில் ஆமைக் குஞ்சுகள் மணலைக் கீறிக்கொண்டு கடலுக்கு ஓடுவதைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. மறு நிமிஷமே, இதையும் அவர் எனக்கு முன்னால் பார்த்திருப்பார் என்று தோன்றி, வந்த அழுகை நின்றுவிட்டது.

திரும்பி வந்ததும் தங்கராஜ் ஆசையாக, "பாத்தியளா?" என்றார். "பாத்தேன். சுமார்தான்" என்றேன்.

அப்புறம் சேட் கடையை மூடினார். நான் செம்பூரில் வேறு கம்பெனிக்குப் போனேன். ரிட்டயரான பிறகு, மனசு கேட்காமல், ஒருமுறை தனியாக அந்த ஊருக்குப் போனேன். காடு இருந்த இடத்தில் சிவப்பாக மொட்டை மலை. அதை வெட்டி அனுப்பியதில் எங்கள் முத்திரையும் உண்டு. கரையைக் கல் கொட்டி மேடாக்கி கிரேன் நிறுத்தியிருந்தார்கள். ஆமை ஏற மணல் இல்லை. படகுக்காரரைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

தங்கராஜ் அதற்குச் சில வருஷம் முன்பே தாராவியில் காலமாகிவிட்டார். படுக்கையில் கிடந்தபோதும், பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும், ஓங்கல் காட்ட வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவருக்கு அந்தக் காடு கடைசிவரை அங்கேயேதான் இருந்தது. நான் போய்ப் பார்த்துத் தொலைத்தேன். இதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.