ரயில்வே கேட்டில் பூத்த குசும்பா

சாயங்காலப் பாசஞ்சர் அந்தக் கேட்டில் நிற்காது. கேட்காரர் சிவப்புக் கொடி காட்டினால் மட்டும், அவர் வீட்டு மனுஷர்கள் ஏறி இறங்க ஒரு நிமிஷம் நிற்கும். வேலையோடு வந்த சலுகை. சலுகையாம் சலுகை! கோபித்துக்கொண்டு கிளம்பும் பெண்டாட்டியை ஏற்றிவிடத் தன் கையாலேயே கொடி பிடிக்கிற கொடுமை வேறு எந்தப் புருஷனுக்கு உண்டு?

அவளையும் குறை சொல்ல முடியாது. கேட்டை ஒட்டிய ஒற்றை அறை வீடு, சுற்றிலும் ஜல்லி. வாரத்துக்கொரு தரம் ரயிலில் வரும் ட்ரம் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே மட்டுமட்டாக இருக்கும். அவர் ஆசையாக வைத்த ரோஜாவும் செம்பருத்தியும் கருகிப்போயின.

"ஜன்னலத் தொறந்தா கல்லு, கதவத் தொறந்தா தண்டவாளம். அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா அக்கா வீட்டோட போய்த் தையல் கடையில சேந்துக்குவேன். அப்புறம் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கதையைக் கேட்ட கூட்ஸ் வண்டி கார்டுதான் ஒரு பொட்டலம் விதை கொடுத்தார்.

"குசும்பா. சூரியகாந்திக்குச் சொந்தக்காரன், ஆனா ரோஷக்காரன். வேரைக் கீழ விட்டுத் தண்ணியத் தானே தேடிக்குவான். நீங்க ஊத்தாதீங்க. முள்ளிருக்கும், பயந்துடாதீங்க."

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஜன்னலுக்கு நேரே வரிசையாக ஊன்றினார். மிஞ்சிய விதையைத் தட்டுமுட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வீசிவிட்டு மறந்தே போனார். முளைத்த செடி தரையோடு தரையாக இலையை விரித்துக்கொண்டு சும்மா கிடந்தது. கேட்காரருக்கு மனசு கேட்கவில்லை. செடி கேக்கலைன்னா கொடுக்கக் கூடாதா என்ன? தான் குடிக்கிற தண்ணீரில் பாதியைத் தினமும் அதற்கு ஊற்றினார். தாகத்தில் அவர் உதடு வெடித்தது. செடி தண்டு விட்டது, இலை ஓரத்தில் முள் வந்தது, மொட்டும் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. மனுஷன் இடிந்து போய் உட்கார்ந்துவிட்டார்.

அவள் வந்தாள். காய்ந்த குச்சி வரிசையைப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்திவிட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை. நாலு நாள் இருந்துவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். துணிக்கொடியில் காய்ந்த புடவையை எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனவள் போட்ட சத்தத்தில் கேட்காரர் ஓடினார்.

"என்னங்க! இதெல்லாம் என்ன?"

இடுப்புயரச் செடிகள். மஞ்சளாக விரிந்து, வாட வாடச் சிவந்துகொண்டு, முள்ளுக்கு நடுவே அத்தனை பூ!

"மிஞ்சினதுன்னு இங்க வீசினேன், அதே விதைதான்" என்றார். "ஜன்னலுக்கு முன்னாடி இருந்ததுக்கு நான் தண்ணி ஊத்தினேன். அதான் அழுகிப் போச்சு."

"ஏது தண்ணி?"

அவர் இன்னும் ஆறாத உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். அவள் அவருடைய உதட்டையே பார்த்தாள்.

"குடிக்கிற தண்ணியா? உங்களுக்கென்ன பைத்தியமா?" திட்டிக்கொண்டே அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிவந்த ஒரு பூவைக் கிள்ளப் போய் "ஸ்ஸ்" என்று விரலை உதறினாள்.

"இப்ப கிள்ளாதே. விடியக்காலைப் பனியில முள்ளு மெத்துனு இருக்குமாம், அப்பத்தான் கிள்ளணும்னு கார்டு சொன்னார். துணிக்குச் சாயம் போடலாமாம். விதையில எண்ணெய்கூட..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாசஞ்சரின் ஊதல் கேட்டது.

அவர் கேட்டை மூடிவிட்டு, வழக்கம்போல் சிவப்புக் கொடியை எடுத்தார். பின்னாலேயே வந்தவளின் கையில் பெட்டி இல்லை.

"அதை உள்ள வைங்க. பச்சையக் காட்டுங்க" என்றாள். "விடியக்காலையில பூக் கிள்ள வேணாமா?"

ரயில் நிற்காமல் போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் கொடியை மடக்கத் தோன்றாமல் நின்றவரிடம், தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"முழுசாக் குடிங்க. நான் இங்கதான் நின்னு பாப்பேன்."