ஃபெர்னுக்கு வரன் இல்லை

"அவனும் வேண்டாம். அவன் இவளுக்குச் சித்தப்பா முறை!"

யாரும் கேட்காமலே ஹெட்லி சொன்னார். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் யாரும் இல்லை. பேத்தி பிறந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர் கவலையெல்லாம் ஃபெர்ன் என்ற தன் மட்டக்குதிரையைப் பற்றி.

பேத்தி வளர்ந்து ஏறிச் சவாரி செய்ய ஃபெர்ன் ஒரு குட்டி போட வேண்டும். போன வருஷம் போட்ட குட்டி எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் செத்துப்போனது. நெருங்கின ரத்தம் என்றார் கால்நடை டாக்டர். பின்னே? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், அவர் இருந்த கரையில் எல்லாரும் தங்கள் பெண் குதிரைகளை அழகான ஒரே கருப்புக் குதிரையோடுதான் சேர்த்தார்கள். மற்ற ஆண் குதிரைகளுக்குக் காயடித்துவிட்டார்கள். இப்போது எங்கே திரும்பினாலும் அண்ணன், இல்லையென்றால் பெரியப்பா.

உறவு ஒட்டாத ரத்தம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. தீவின் மறுகோடியில் ஆம்புரோஸ் என்பவன் வளர்த்த, கழுதைக் காது வைத்த சாம்பல் குதிரை. நேற்று ஹெட்லி போன் போட்டார்.

"அடக் கடவுளே! அந்தக் காதுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு போன வாரம்தாண்ணே காயடிச்சேன்!" என்றான் ஆம்புரோஸ்.

போனை வைத்தவர் தட்டில் இருந்த உப்புமீனைத் தொடவே இல்லை.

"ரெண்டு வீடு தள்ளி இருந்த என்னைக் கட்டினப்ப இவ்வளவு விசாரிச்சீங்களா?" என்று சிரித்தாள் மனைவி முரியல்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று காலை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் கத்தினார்: "அழகில்லாத பய ஒருத்தனையாவது விட்டு வைங்கடா!"