ஞாயிறு சேராத நாற்பது

ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து என்ற தவக்கால நாட்களில் எங்கள் வீட்டில் ஆளுக்குப் பிடித்த ஒன்றை விட வேண்டும். அப்பா காபியை விடுவார். அந்த நாட்களில் அவர் பக்கத்தில் மனிதர் போக முடியாது. அம்மா சீரியலை விட்டாள். எட்டு வயதில் நான் மிட்டாயை விட்டேன். மாடியில் குடியிருந்த சித்தப்பா அந்த வருஷம் குடியை விட்டார்.

அது பக்தியால் அல்ல. சித்தி கைக்குழந்தையோடு ஏரலுக்குத் தாய்வீடு போய் மூன்று மாதமாகியிருந்தது. "லெந்து நாப்பது நாளும் தொடாம இருக்கட்டும்க்கா. நாப்பதாம் நாளு சாயங்காலம் பிள்ளையோட வந்திருதேன். அதுவரைக்கும் போன் பண்ணக் கூடாது" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

நாள் எண்ணும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து காலண்டரில் தினம் ஒரு கோடு. சித்தப்பா லோடு ஆட்டோவை எடுக்கும் முன், "இன்னைக்கு எத்தன?" என்று கேட்பார். முதல் வாரம் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. பிறகு தேறினார். தொட்டிலுக்குப் புதுக் கயிறு கட்டினார். வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

குருத்தோலை ஞாயிறன்று கோயில் விட்டு வந்ததும் நாற்பதாவது கோட்டைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"சித்தப்பா, நாப்பது முடிஞ்சிட்டு!"

"ஏட்டி, நல்லா எண்ணிப் பாத்தியா?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மதியமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நான் மிட்டாய் தின்னத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் லெந்துக் கணக்கில் சேராது என்பது எனக்குத் தெரியாது. கோயில் பக்கமே போகாத சித்தப்பாவுக்கும் தெரியாது. சித்தி, கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகள்; அவள் கணக்கில் இன்னும் ஆறு நாள் இருந்தது. ஏரலிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தப்பா திரும்பினார். அவருக்கு முன்பே வாடை வந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு கணக்கை விளக்கினாள். "சனிக்கெழம கண்டிப்பா வருவா தம்பி. இன்னும் ஆறே நாளுதான்."

"சரி மதினி" என்றார். மறுநாளும் குடித்தார்; சனிக்கிழமை வரை தினமும்.

சொன்னபடியே சனிக்கிழமை சாயங்காலம் சித்தி வந்தாள். மாடிக்குப் போய் அவர் குடித்துக் கிடந்ததைப் பார்த்தவள் உடனே இறங்கி வந்து, "குடிக்காம எத்தன நாளு இருந்தாவ?" என்று என்னிடம் கேட்டாள்.

"நாப்பது நாளு, சித்தி" என்றேன் பெருமையாக. பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

நாற்பது நாள் இருந்த மனிதருக்கு இன்னும் ஆறு நாள் பெரிதா என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. மிட்டாயை விட்டவள் அல்லவா, அடக்கம் என்றால் என்னவென்று தெரியும் என்ற நினைப்பு. சித்தி வருவாள் என்பதற்காக நாற்பது நாள் குடிக்காமல் இருந்தவர், குடித்துக் கெடுத்துக்கொண்ட தன்னைப் பார்க்க வருவாளே என்ற வெட்கத்தில்தான் அந்த ஆறு நாளும் குடித்தார் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.