தைக்காத கம்பளித் துணி

என் அக்கா குமுதவல்லி முப்பத்தொன்பது வயது வரைக்கும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பதினேழு வயதில் கணவனை இழந்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் உத்தர வீதி வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த மறுநாளே சமையல் நடக்கும் தளிகை உள்ளுக்குள் நுழைந்தாள். அதற்கப்புறம் அவள் வெளியே வந்தது கோயிலுக்கும் கொள்ளிடத்துக்கும்தான். என் கல்யாணத்தின்போது என் மனைவி வத்ஸலாவுக்கு நகை பூட்டிவிட்டவர்களெல்லாம் கூடத்தில் இருந்தார்கள். அக்கா அடுப்படியில் இருந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் பங்குனியில் ஒரு நாள் சாதம் பரிமாறும்போது சொன்னாள்.

"வரது, அனந்தாச்சாரியார் ஸ்வாமி கோஷ்டி பத்ரிக்குப் போறதாம். நானும் போயிட்டு வரட்டுமாடா?"

எனக்குச் சட்டென்று கோபம் வரும். ரயில்வே ஆபீஸில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. "என்ன பேத்தல் இது? ரிஷிகேசத்துக்கு மேலே நூத்தி அறுபது மைல் நடை. உனக்கு மார்கழிக் குளியலுக்கே இளைப்பு வரது. பனியிலே என்னத்துக்கு ஆவே?" என்று கத்தினேன்.

"சரிடா" என்று சொல்லிவிட்டு மோர் விட்டாள்.

அந்த 'சரிடா'தான் என்னைக் கொன்றது. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். இரண்டு நாள் ஆபீஸில் ஒரு கணக்கும் ஓடவில்லை. மூன்றாம் நாள் நானே போய் அனந்தாச்சாரியாரிடம் அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். கூடப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் மார்ச்சளியை யார் பார்த்துக்கொள்வது? அவளுக்குக் கதகதப்பாக ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பாலக்கரையில் முகம்மது கனி ராவுத்தர் கடைக்குப் போனேன். வடமேற்கு எல்லையில், குவெட்டாவில் பட்டாளத்துக்குத் துணிமணி கொடுத்த காண்ட்ராக்டரிடம் பத்து வருஷம் இருந்தவர். பனி என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் திருச்சியில் அவர்தான் என்று சொன்னார்கள். சித்திரை வெயிலில் கடைக்குள் ஈ கூடப் பறக்கவில்லை. நான் போய்க் கம்பளி கேட்டதும் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"நல்ல தடியாக் குடுங்கோ, ராவுத்தரே. மேலே போத்திக்கறதுக்கு" என்றேன்.

"போத்துறது கிடக்கட்டும் சாமி. உள்ளே என்ன போடுவாங்க?"

"உள்ளேன்னா?"

"உடம்பை ஒட்டினாப்ல. அதுதான் முக்கியம். மலை ஏறுறப்போ வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைக் குடிச்சிட்டு விடாது. நடை நின்ன அடுத்த நிமிஷம் ஈரத்துணி நெஞ்சோட ஒட்டி விறைக்கும். மேலே நாலு கம்பளி போட்டாலும் பிரயோசனம் இல்லை. எங்க பட்டாளத்து ஆளுங்க அப்படித்தான் நெஞ்சுச்சளி வந்து போனாங்க. ஆட்டு ரோமம் நனைஞ்சாலும் சூட்டை விடாது." சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து ஒரு பனியனை எடுத்துப் போட்டார். மெல்லிய ரோமம், முழுக்கை, கழுத்து வரைக்கும் மூடும்.

கையில் எடுத்துப் பார்த்தேன். பூனைக்குட்டி மாதிரி இருந்தது. ஆனால் தைத்த துணி. எங்கள் வீட்டில் கணவனை இழந்த பெண் ரவிக்கைகூடப் போடக் கூடாது. உடம்பில் ஒற்றைப் புடவை, அவ்வளவுதான். அதோடு அவள் மடியாக, ஆசாரம் கெடாமல் தளிகை செய்கிறவள். தைத்ததைப் போட்டுக்கொண்டு பெருமாளுக்குச் சமைக்க முடியுமா? கோஷ்டியில் ஒருத்தரும் அவள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள்.

"இது ஆகாது, ராவுத்தரே. தைக்காததா ஏதாவது இருக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கை மூடாதே சாமி, முதுகுல நழுவுமே" என்றார். அப்புறம் அதே ரோமத்தில் ஐந்து முழத் துணி ஒன்றைத் தேடி எடுத்தார். நெஞ்சையும் முதுகையும் சுற்றி இறுக்கிச் செருகிக்கொள்ளலாம். பனியனை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பருத்திதான் யார் மேலாவது பட்டால் மடி கெட்டு விழுப்பாகும், தோய்க்க வேண்டும். கம்பளிக்கு அந்தத் தோஷமே கிடையாது, எப்போதும் மடி. தைக்கவும் இல்லை. எந்த சாஸ்திரிகள் வந்தாலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது என்று பெருமையாக வத்ஸலாவிடம் சொன்னேன்.

அக்கா அதை உடம்பில் சுற்றிக்கொண்டு பார்த்தாள். கால் மணியில் வியர்த்துக் கொட்டியது. மறுநாள் முதுகெல்லாம் வேர்க்குரு. "அடேய், பத்ரிக்குப் போறதுக்கு முன்னாடி இங்கேயே வெந்து போயிடுவேன்டா" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தேவப்பிரயாகை தாண்டினதும் கட்டிக்கொள்வதாக என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "கழட்டவே கூடாது" என்றேன். "கழட்டலைடா, போறுமா?" என்றாள்.

ஜோஷிமடத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. பென்சிலில் அவளே எழுதியிருந்தாள். 'நீ கொடுத்த துணி வெகு சௌகரியம். நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுத்தாப்போல் இருக்கிறது. இளைப்பு எட்டிப் பார்க்கவில்லை.' அந்தக் கார்டை ஆபீஸில் நாலு பேருக்குக் காட்டினேன்.

ஆனி கடைசியில் திரும்பி வந்தாள். ஸ்டேஷனில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, வாய் திறந்தால் இருமல். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஜட்கா வண்டியில் ஏறினதுமே ஆரம்பித்தாள்.

"கேளுடா. பத்ரிக்கு முந்தின சட்டியிலே, அதான் யாத்திரைக்காரா தங்கற சத்திரத்திலே, ஒரே மழை. ஸ்வாமி நித்யம் பூஜை பண்ற திருவாராதனப் பெருமாள் எழுந்தருளியிருந்த பெட்டி நனைஞ்சு, வஸ்திரமெல்லாம் ஈரம். ஸ்வாமி கண்ணிலே ஜலம் விடறார். 'பெருமாளுக்குக் குளிர்றதே, மடியா ஒரு வஸ்திரம் இல்லையே'ங்கறார். போத்திக்கற கம்பளியெல்லாம் மழையிலே ஊறிப்போச்சு. மத்தவா கிட்டே மிச்சம் இருக்கறதெல்லாம் தைச்ச கோட்டு, ஸ்வெட்டர். எங்கிட்ட மட்டும்தான்டா தைக்காத ரோமம்! அவிழ்த்து, ஜலம் தெளிச்சுக் குடுத்தேன். அப்படியே சுத்தி எழுந்தருளப் பண்ணினார். நம்ம நம்பெருமாளுக்குக் கைசிக ஏகாதசியன்னிக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு போர்வை சாத்தறா. அங்கே பனியிலே நான் சாத்தினது ஒண்ணே ஒண்ணு."

"அப்புறம் நீ?"

"எனக்கென்னடா, புடவை இருந்ததே."

அந்தப் புடவையும் மடிக்காக விடியற்காலம் அந்தப் பனித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கட்டிக்கொண்டதுதான். அதோடுதான் பதினான்கு பேருக்குத் தளிகை செய்திருக்கிறாள். போக, வர, கீழே இறங்கும்வரை. நான் யாரைத் திட்டுவது? ஸ்வாமி பிடுங்கவில்லை. இவள் சந்தோஷமாகக் கொடுத்திருக்கிறாள். வாங்கிக்கொண்டவரோ பெருமாள். வண்டிக்காரன் மெதுவாக ஓட்டுகிறான் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் இருமல் நிற்கவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, கதகதப்பாக வைத்திருங்கள் என்றார். ஒரு நாள் அனந்தாச்சாரியார் அகத்துக்குப் போனேன். துணியைத் திருப்பிக் கேட்டுவிடுவது என்றே போனேன். பெட்டிக்குள் பெருமாளைச் சுற்றி அது மடிப்புக் கலையாமல் இருந்தது. "உங்க அக்கா கைங்கர்யம். என்ன பாக்கியம் பண்ணினவா!" என்றார் அவர். "அடியேன்" என்று சொல்லி, தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெருமாள் மேலிருந்து அவிழ்த்துக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

ஐப்பசி மழை தொடங்கியதும் மறுபடியும் ராவுத்தர் கடைக்கு ஓடினேன். "அந்தத் துணி மலையில உதவுச்சா சாமி?" என்று கேட்டார். "உதவித்து" என்றேன். பெட்டியிலிருந்து அதே பனியனை எடுத்து வைத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. தைத்த துணியைப் பெருமாளுக்கு யாரும் சாற்றியிருக்க மாட்டார்கள். அது அவள் உடம்பிலேயே இருந்திருக்கும். குற்றமே சொல்ல முடியாத துணியாகப் பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான்.

அக்கா பனியனைத் தொடவில்லை. "அபசாரம்! மலை இறங்கியாச்சேடா, இனிமே எதுக்கு?" என்றாள். கெஞ்சினேன், கத்தினேன். "சரிடா, அங்கே வை" என்றாள். வைத்த இடத்திலேயே இருந்தது.

ஐப்பசி கடைசியில் ஜுரம் ஏறி நினைவு தப்பியது. அன்றைக்கு மத்தியானம் வத்ஸலா என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பனியனை அக்காவுக்குப் போட்டுவிட்டாள். நான் உள்ளே போனபோது அக்காவின் கண் பாதி திறந்திருந்தது. விரலால் கைப்பகுதியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வெதுவெதுன்னு இருக்கேடா" என்றாள். "கையெல்லாம்கூட மூடறது. மலைக்குப் போறச்சே இதை வாங்கித் தந்திருக்கப்படாதோ?"

"தப்புதான் அக்கா" என்றேன். அவள் காதில் விழுந்ததோ என்னவோ. தடவிக்கொண்டிருந்த விரல் மட்டும் சாயங்காலம் வரை நிற்கவில்லை.