மணாலியில் அடுப்பில்லாத அறை

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதைத் தவிர பேனா பிடித்த பழக்கம் இல்லை. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் இந்த அளவுகூட வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓசூரில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. குடியிருந்தது லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அதில் அம்மா, தம்பி, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு. எனக்கு ஷிப்டு மாறி மாறி வரும். என் மனைவி கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்தாள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசினது எப்போது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. அந்த லைனில் எல்லா வீடும் அப்படித்தான்.

குடும்பத்தோடு வெளியூர் போய்வர கம்பெனியில் சலுகை உண்டு. நான் அதை எடுத்ததே இல்லை. தொண்ணூற்று மூன்றில், பொங்கல் கழிந்து, மெஷின்களைப் பழுது பார்க்கக் கம்பெனியைச் சில நாட்கள் மூடினார்கள். அந்தச் சமயம் டூர் நடத்தும் ஒருவர் எங்கள் ஷாப்பில் ஆள் சேர்த்தார். இமயமலை, மணாலி, கைடாக அவரே கூட வருவார், சமையல்காரரும் உண்டு என்றார். சீசன் இல்லாத நேரம் என்பதால் செலவு குறைவு.

நான் ஒப்புக்கொண்டது பனியைப் பார்க்க அல்ல. கைடு சொன்ன ஒரு வார்த்தைக்காக. "சீசன்ல ஒரு ரூமுக்கு ஆறு பேரப் போடுவோம். இப்ப லாட்ஜே காலி. ஜோடிக்கு ஒரு ரூமு, கட்டில் மெத்தையோட."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தி, "நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக அம்மா சொன்னார்.

பெங்களூரில் ரயில் ஏறி டெல்லி, அங்கிருந்து பஸ். ஐந்து ஜோடிகள் எங்கள் கம்பெனி. ஆறாவது, காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்த பெரியவரும் அவர் மனைவியும். அந்த மண்டிக்காரம்மா சொன்னதுதான் பஸ்ஸில் சட்டம். யார் ஜன்னலோரம் உட்காருவது, யாருக்கு மோர் கூடாது, எல்லாம் அவர்தான். ஓசூர்க் குளிரில் வாழ்ந்தவர்கள் என்று எங்களுக்கு ஒரு மிதப்பு இருந்தது. மணாலியில் இறங்கின உடனே அது போய்விட்டது.

லாட்ஜில் எங்களைத் தவிர வேறு ஆளே இல்லை. கைடு சொன்ன சொல் மாறாமல் ஜோடிக்கு ஒரு சாவி கொடுத்தார். கொடுத்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. அங்கே அறைக்குள் விறகு போட்டு எரிக்கிற இரும்பு அடுப்பு உண்டு. ஆள் வராத மாதங்களில் இரண்டு அறைகளில்தான் அதை மூட்டுவார்களாம். கைடு தலையைச் சொறிந்துகொண்டு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள், என்று ஆரம்பித்தார். அவருக்குச் சங்கடம் வந்தால் கன்னடமும் கூடவே வரும்.

மண்டிக்காரம்மா உடனே தீர்ப்புச் சொன்னார். "பொம்பளைங்கல்லாம் இந்த ரூமு, ஆம்பளைங்கல்லாம் அந்த ரூமு. கல்யாண வூட்ல படுக்கறதில்லியா?"

யாரும் மறுக்கவில்லை. நானும்தான். எனக்குப் பொண்டாட்டியோடு தனி அறை வேண்டும் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டு எங்களைப் பனிச்சரிவுக்குக் கூட்டிப் போனார்கள். நன்றாகத்தான் இருந்தது. மனைவி ஒரு கை பனியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினாள். மற்றவர்கள் முன்னால் போனதும் என் பக்கம் வந்தாள்.

"அந்த ரூமு சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான்."

குனிந்து பூட்ஸில் ஒட்டின பனியைத் தட்டிவிட்டாள். பிறகு, "வூட்லயும் கூட்டம், இங்கயும் கூட்டம். அப்புறம் எதுக்குங்க இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள்.

அன்று ராத்திரியும் ஆண்கள் அறையில்தான் படுத்தேன். அடுப்புச் சூடு நன்றாக இருந்தது. மண்டிக்காரர் குறட்டை விட்டார். கிளம்புவதற்கு இன்னும் இரண்டு ராத்திரிதான் பாக்கி.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின.

"என்ன தம்பி, மாத்திர கீத்திர வேணுமா?" என்றார் மண்டிக்காரம்மா.

"இல்லீங்கம்மா. அவளக் கூப்பிட வந்தேன். எங்க ரூமுக்குப் போறோம்."

"அங்க அடுப்பில்லியே. வெறச்சிப் போயிடுவீங்க."

"பரவால்லீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது வாயத் தொறக்காத புள்ளைன்னு இல்ல நெனச்சிருந்தேன்," என்று மற்றவர்களிடம் சொல்லி, தன் கம்பளியை உருவி என் மனைவி மடியில் போட்டார். "போ கண்ணு. ரெண்டு பேருக்கு அடுப்பு என்னாத்துக்கு?" சிரிப்பு அடங்குவதற்குள் என் மனைவி எழுந்து, என்னைப் பார்க்காமல், எனக்கு முன்னால் நடந்தாள்.

அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. மெத்தை ஈரத்துணியாகச் சில்லிட்டது. குல்லாயைக் கழற்றாமல், கையிலிருந்த கம்பளியெல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். அவள்தான் பேசினாள். தோட்டத்து மேஸ்திரியைப் பற்றி, பெண்ணின் படிப்பைப் பற்றி, நிறுத்தாமல் பேசினாள். நடுவில், "கல்யாணத்தன்னிக்கு நீங்க ஊமைன்னு நெனச்சேன். எங்கப்பா மறைச்சிக் கட்டி வெச்சிட்டாருன்னு அழுதேன்," என்றாள். ஏன் இதை இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். எப்போதும் பக்கத்தில் யாராவது இருந்தார்களே என்றாள். பிறகு நானும் சிலது சொன்னேன். அவற்றை எழுத வேண்டியதில்லை.

காலையில் டீ குடிக்கும்போது ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். "குளிர் எப்படி?" என்று கேட்காதவர் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஒவ்வொருவராகச் சாவிக்காகச் சட்டைப்பையைத் தடவ ஆரம்பித்தார்கள். கடைசியில் மண்டிக்காரம்மாவே வாசலில் நின்று தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் கம்பளியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அடுப்பெரிந்த அறையில் கைடும் சமையல்காரரும் மட்டும் படுத்தார்கள்.

இமயமலையில் என்ன பார்த்தீர்கள் என்று பிள்ளைகள் இன்றைக்கும் கேட்பார்கள். பனி என்று சொல்வோம்.

ஓசூர்,
16-11-1997, ஞாயிறு.