அரை மீசையுடன் நிலாவெளிக்கு

சிரிப்பு நடிகனுக்கு முகம்தான் முதல். அந்த முகத்தை அடையாள அட்டையில் ஒட்டிக்கொண்டு, ஆமிக்காரர் வீதியை மறித்து நிற்கிற ஒவ்வொரு சென்றியிலும் இறங்கிக் காட்டிக்கொண்டு திரிந்த காலத்தில்தான் நான் திருகோணமலையில் படத்துக்குக் கதை வசனம் எழுதி, அதிலே கோமாளி வேடமும் கட்டினேன். சென்றி வருகிறது என்றதும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தவர்களில் நீங்களும் ஒருவரென்றால் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

படம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். கலியாண வீட்டு வீடியோ கமெராவில் எடுத்து, ரியூசன் கொட்டகையில் ஜெனரேற்றர் வைத்துக் காட்டுகிற படங்கள். டைரக்டர் மனோகரன் அண்ணை. துறைமுகத்துக்குப் போகிற வீதியில் அவருக்கு ஒரு ஸ்ரூடியோ இருந்தது.

யோசனை என்னுடையது

அந்தப் படத்தில் நான் மாப்பிள்ளை. மீசையை வழிக்கச் சலூன் கதிரையில் உட்காருகிறேன். பாதி வழித்திருக்கும்போது, நான் ஏமாற்றிவிட்டு ஓடிவந்த வேறொரு பெண்ணின் தகப்பன் உள்ளே வருகிறார். அரை மீசையோடு பின்கதவால் பாய்கிறேன். மிச்சப் படம் முழுவதும் அதை மறைக்க நான் படும் பாடுதான். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இதை வேறு யார் தலையிலும் போட முடியாது.

ஒட்டு மீசை வைத்து எடுக்கலாம் என்றேன். மனோகரன் அண்ணை மறுத்துவிட்டார். நல்ல பசை கொழும்பிலிருந்து வரவேண்டும். பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உண்மையாகவே வழித்தார்கள். சலூன்காரராக நடித்தவர் ஹனீபா நானா, மற்ற நேரத்தில் ஓட்டோ ஓட்டுகிறவர். "இந்தக் கிழமைக்குள்ள முடிஞ்சிடும்" என்று டைரக்டர் சொல்ல, ஹனீபா நானா கத்தியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஊரில கிழமை எப்ப முடியும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

விதானையார்

மறுநாள் துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்தது. ஊரடங்கு. அது தளர்ந்ததும் வீட்டுக்கு வீடு சோதனை. படப்பிடிப்புக்குத் தந்திருந்த அனுமதியும் போனது. மிச்சம் இருந்தது கலியாணக் கட்டம் ஒன்றுதான். அதில் மணவறையில் நான் அரை மீசையோடு இருக்கவேண்டும்.

என் மனைவி செல்விக்கு அப்போது தலைப்பிள்ளை. நிலாவெளியில் தாய் வீட்டில் இருந்தாள். அங்கே மாமியைத் தவிர வேறு ஆளில்லை. நான்தான் போய் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரவேண்டும். இடையில் உப்புவெளிச் சென்றி. மாலை ஆறு மணியோடு பாதையைப் பூட்டிவிடுவார்கள். என் அடையாள அட்டையில் இருப்பவனுக்கோ நல்ல அடர்ந்த முழு மீசை.

ஊருக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தரான விதானையாரிடம் போய், இவர் இன்னார்தான், படத்துக்காக இப்படி இருக்கிறார் என்று ஒரு துண்டு எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் மேலுதட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"ஆளுக்கு நான் உறுதி தருவன். மீசைக்குத் தர ஏலாது. நாளைக்கு நீங்கள் மற்றப் பாதியையும் வழிச்சுப்போட்டு வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

சைக்கிள் சொலூசன்

செல்வியை முன்கூட்டியே கூட்டிவந்துவிடலாம் என்று ஒருநாள் துணிந்தேன். சலூனில் கிடந்த மயிரைப் பொறுக்கி ஒரு பாதி மீசை செய்து, சைக்கிள் ரியூப்புக்குப் போடுகிற சொலூசனால் ஒட்டினேன். உதடு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் அட்டையில் இருக்கிறவனேதான்.

உப்புவெளியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். நல்ல வெயில். வியர்வையில் ஒட்டின பக்கத்து நுனி மெல்லக் கிளம்புவது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அரை மீசை வெறும் கோமாளித்தனம். ஒட்டு மீசை மாறுவேடம். மாறுவேடத்தில் வந்தவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி அதைப் பிய்த்து வாய்க்குள் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது ஒரு பக்கம் மீசை, மறுபக்கம் சிவந்த தோல், வாய் நிறைய மயிர்.

ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். ஓரமாக நிறுத்திவிட்டு, பஸ் போனபிறகு திரும்பிப் போ என்று டவுன் பக்கம் கையைக் காட்டினார்கள். அதுவே பெரிய காரியம். ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் பஸ் ஏறப் போகும்போது சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

"கோவிக்காதையுங்கோ தம்பி, இனி உங்களோட ஒரு பஸ்ஸில வர எங்களுக்கு ஏலாது."

நிலாவெளியிலிருந்து சேதி

மனோகரன் அண்ணையிடம் போய் மிச்சத்தையும் வழிக்கப்போகிறேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. எடுத்த காட்சிகளை ரீ.வியில் ஓடவிட்டார். கப்பல்துறையிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் எத்தனை சென்றி தாண்டி, வீட்டில் அழுகையும் ஏச்சும் வாங்கிக்கொண்டு வந்து நடித்தவர்கள், ஒவ்வொருவராகத் திரையில் வந்து போனார்கள். இத்தனை பேரின் பயத்தையும் ஒரு சவரத்தில் வழித்துக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. நிலாவெளிக்குப் போகிற மீன் லொறிக்காரரிடம் செல்விக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அவரே அவளுடைய பதிலும் கொண்டுவந்தார்.

"பிள்ளை உங்களைப் பாத்துப் பயந்தாலும் பறவாயில்லையாம். நேரத்துக்கு வந்தால் போதுமாம்."

வழிக்கிறதா, விடுகிறதா

செல்விக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது என்று ஒரு பின்னேரம் ஆள் வந்தது. ஹனீபா நானா ஓட்டோவைத் திருப்பி நிறுத்தினார். நான் சவரக்கத்தியோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். படமும் மண்ணும், எனக்குப் பெண்சாதிதான் முக்கியம் என்று கத்தியை உயர்த்தினேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இப்ப வழிச்சால் மேலுதடு வெளிறிக் கிடக்கும், வேசம் மாத்தினவன் எண்டு பிடிப்பாங்க. அரை மீசையோட போங்க, விசரன் எண்டு விடுவாங்க."

நடி

உப்புவெளியில் விசரன், பைத்தியக்காரன் என்று விடவில்லை. ஓட்டோவையும் ஹனீபா நானாவையும் தள்ளி நிறுத்தி, என்னை மட்டும் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். எங்களில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் நானாதான். எனக்குத் தெரிந்த அரைகுறையில் நான் நடிகன் என்று சொன்னேன். பொறுப்பாக இருந்தவன் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, "நடி" என்றான்.

சலூன் கட்டத்தை வாய் திறக்காமல் நடித்தேன். இல்லாத கதிரையில் உட்கார்ந்தேன், இல்லாத கத்திக்கு முகத்தைக் கொடுத்தேன், பாதியில் பாய்ந்தேன். சிரித்துவிட்டார்கள். அப்பாடா என்று அட்டைக்குக் கை நீட்டினேன். குசினியில் நின்ற சமையல்காரனைக் கூப்பிட்டு, அவனுக்காக இன்னொருமுறை நடிக்கச் சொன்னார்கள். நடித்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல், "நோனா, பபா" என்று, பெண்சாதி, பிள்ளை என்பதற்குத் தெரிந்த சிங்களத்தை அழாக்குறையாகச் சொல்லி, கைகளால் பெரிய வயிறு காட்டி, நிலாவெளிப் பக்கம் கையை நீட்டினேன். அதுவரை சிரிக்காமல் நின்ற ஒரு ஆமிப் பொடியன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த வயிற்றுக் கட்டத்தைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள்.

வாழ்க்கையில் அவ்வளவு சிரிப்பை நான் எந்தக் கொட்டகையிலும் வாங்கியதில்லை. அப்படி ஒரு பயமும் பட்டதில்லை. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கச் சிரிக்க என்னை விடமாட்டார்கள் என்று விளங்கியது. செல்வி அங்கே பாயில் கிடந்து முனகுவாள். அதனால் அடுத்தமுறை வேண்டுமென்றே மோசமாக நடித்தேன். இழுத்து இழுத்து, எல்லாவற்றையும் கையால் விளக்கி, சிரிக்கவேண்டிய இடத்துக்கு முன்னமே நானே சிரித்து, ஒரு காட்சியைக் கொல்ல எனக்குத் தெரிந்த அத்தனையும் செய்தேன். சமையல்காரன் குசினிக்குத் திரும்பினான். பொடியன் வீதியைப் பார்த்தான். பொறுப்பானவன் கொட்டாவி விட்டு அட்டையை நீட்டினான்.

"இப்ப நல்லா இல்ல. போ."

திரும்பி வரும்போது

பாதை பூட்டக் கொஞ்சம் முன்னர் அதே சென்றிக்கு வந்து சேர்ந்தோம். செல்வி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். மாமி எல்லாக் கடவுளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொடியன் ஓட்டோவின் திரையை விலக்கி முதலில் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். பிறகு செல்வியைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அடையாள அட்டையைக் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பாதையை மறித்திருந்த தடியைத் தானே தூக்கினான். நாங்கள் கடக்கும்போது ஓட்டோவுக்குள் குனிந்து, தெரிந்த தமிழைத் தேடித் தேடிச் சொன்னான்.

"அதுவும் நடிப்பு எண்டு நினைச்சது."

அன்றிரவு ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள், பிறகு ஒருநாள் கலியாணக் கட்டத்தையும் எடுத்து முடித்தோம். நன்றாக நடித்ததற்காகப் பிடித்துவைத்து, மோசமாக நடித்ததற்காக விட்டுவிட்ட ஒரே தொழில் என்னுடையதுதான் என்றாலும், எந்த முகத்தோடு உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்பதை மட்டும் நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.